சூளை ஒன்று, கை பத்து: மட்டக்களப்பில் கண்ணாடி மணிச் சங்கம்

கண்ணாடி மணி செய்யச் சங்கம் தொடங்கலாமா என்று கேட்கிற எவரும் முதலில் விசாரிப்பது கண்ணாடியை உருக்கும் எரிவாயுச் சுவாலைப் பேர்ணரைப் பற்றித்தான். பேர்ணர் தனியாள் சாமான். பின்விறாந்தையில் ஒரு மேசை போட்டால் தனியாகவே மணி உருட்டிக்கொண்டிருக்கலாம். சங்கம் தேவைப்படுவது சூளைக்கு. செய்த மணி வெடிக்காமல் ஆற ஒரு மின்சூளை வேண்டும். அதை ஒருவர் மட்டும் வாங்கினால் கிழமையில் ஆறு நாள் அது சும்மா கிடக்கும். பத்துப் பேர் சேர்ந்தால் அதே சூளை எல்லோருக்கும் போதும். நேர அட்டவணை, சந்தா, யார் எந்த நிறக் கண்ணாடிக் கோல் கொண்டு வரலாம் என்ற கட்டுப்பாடு எல்லாம் இந்த ஒரு பெட்டியைச் சுற்றித்தான் அமைகின்றன.

உருகிய கண்ணாடி ஆறும்போது வெளித்தோல் முதலில் இறுகும், உள்ளே இருப்பது பிறகுதான் சுருங்கும். அந்த இழுபறி உள்ளேயே தங்கிவிடும். பார்க்க நல்ல மணியாக இருக்கும், மூன்றாம் நாள் மேசையில் இருந்தபடியே இரண்டாகப் பிளக்கும். இதைத் தவிர்க்கத்தான் ஆறவைத்தல். எஃபெட்ரே போன்ற இத்தாலிய முரானோ வகைக் கோல்களுக்கு, அதாவது சூட்டில் எவ்வளவு விரியும் என்று காட்டும் விரிகை எண் 104 உள்ள மென்கண்ணாடிக்கு, சூளை 520 பாகை செல்சியஸில் 45 நிமிடம் நிற்க வேண்டும். பிறகு மணித்தியாலத்துக்கு 60 பாகை வீதம் 425 வரை இறங்க வேண்டும். இதற்கு ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட எடுக்கும். அதன் பிறகு சூளையை நிறுத்திவிட்டுக் கதவைத் தொடாமல் விடுவது. 25 மி.மீ.க்கு மேல் தடித்த மணி இருந்தால் இரண்டு நேரங்களையும் இரட்டிப்பாக்குங்கள். 540க்கு மேல் ஏறினால் மென்கண்ணாடி இளகத் தொடங்கும், அடித்தளத்தின் தழும்பு மணியில் பதியும்.

நடுவில் கரண்ட் போனால் பதற வேண்டாம். கதவைத் திறக்காமல் விடுங்கள். கரண்ட் வந்ததும் இருக்கிற சூட்டிலிருந்து மீண்டும் 520க்கு ஏற்றி, முழு அட்டவணையையும் முதலிலிருந்து ஓட்டுங்கள். ஒரு மணியை இரண்டு தடவை ஆறவைப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை. கெடுப்பது என்ன ஆயிற்று என்று பார்க்கக் கதவைத் திறக்கும் ஆள்தான்.

சூளை வாங்கும்போது உள்ளளவைப் பாருங்கள், அலங்காரத்தைப் பார்க்க வேண்டாம். மணி, அதைச் சுற்றிய எஃகுக் கம்பியோடுதான் சூளைக்குள் போகும். உள்ளகலம் 30 சென்ரிமீற்றர், கம்பிக்குக் கம்பி ஒன்றரைச் சென்ரிமீற்றர் என்றால் ஒரு வரிசைக்கு 20 கம்பி. இரண்டு தட்டு வைத்தால் 40. நாலு பேர்ணர் இருக்கிற சங்கத்தில் ஆளுக்குப் பத்துக் கம்பி என்று வந்துவிடும். புதியவர் இரண்டு மணித்தியாலத்தில் நாலைந்து மணிதான் செய்வார், பழகியவர் பத்தையும் நிரப்புவார். எத்தனை அங்கத்தவரைச் சேர்க்கலாம் என்பதற்கு இதுதான் கணக்கு. பேர்ணர் எண்ணிக்கையை வைத்து ஆள் சேர்த்துவிட்டு, பிறகு சூளைக்குள் மணியோடு மணி முட்டி ஒட்டிக்கொண்டதென்று சண்டை பிடிப்பதில் பயனில்லை.

இரண்டு கிலோவாட்டுக்குள் இருக்கிற சூளை 230 வோல்ற்றில் 9 அம்பியருக்குள் இழுக்கும், 13 அம்பியர் பிளக் போதும். ஆனால் அந்தச் சுற்றில் வேறு எதையும் மாட்டக் கூடாது, நீட்டிப்பு வயரும் கூடாது. இங்கே புதிதாகச் சூளை வைப்பவர்களை ஏமாற்றுவது ஈரம். கார்த்திகை, மார்கழி மழையில் ஒரு கிழமை சும்மா இருந்த சூளையின் செங்கல் வாவிக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். சுவிட்சைப் போட்டதும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழும். சூளை பழுதென்று எல்லோரும் முடிவு கட்டுவார்கள். ஈரச் செங்கல் வழியாக நிலத்துக்குக் கசியும் மின்னோட்டம்தான் பெரும்பாலும் காரணம். ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்று யோசனை சொல்லும் ஆளை அன்றே அனுப்பிவிடுங்கள். செய்ய வேண்டியது, கதவைத் திறந்து வைத்து இரண்டு நாள் வெயில் காட்டுவது. பிறகு வெறுஞ்சூளையை 120 பாகையில் ஒரு மணித்தியாலம் நிறுத்துவது. அதற்குப் பிறகும் விழுந்தால் மின்வினைஞரைக் கூப்பிட வேண்டியதுதான். வெள்ளம் ஏறுகிற ஊரில் சூளையைத் தரையில் வைப்பது அறிவில்லை, மூன்றடிச் செங்கல் மேடை கட்டுங்கள்.

சூட்டுமானியின் முனை எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் முக்கியம். அது பின்சுவரோடு ஒட்டியிருந்தால் திரையில் 520 என்று காட்டும், கதவருகில் அதைவிடக் குறைவாக இருக்கும். ஒரே வகை மணியைக் கதவருகில் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என்று வைத்து ஆறவைத்து, முனைவாக்கும் தாளில் பாருங்கள். பழுதான கல்குலேற்றர் திரையின் முகப்பில் ஒட்டியிருக்கும் தாள்தான் அது. இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்று பிடித்து, இருளும்வரை ஒன்றைத் திருப்பி, இடையில் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்ட மணியை வையுங்கள். இழுவிசை உள்ள இடம் வெள்ளையாக ஒளிரும். ஊடுருவித் தெரியும் கண்ணாடிக்கு மட்டும்தான் இது சரிவரும்.

இனி, யாருடைய மணி எது? காகிதத்தில் பெயர் எழுதி ஒட்ட முடியாது, எரிந்துவிடும். கம்பியின் பிடி முனையில் அரத்தால் வெட்டுக் குறி போடுங்கள்: ஒருவருக்கு ஒரு வெட்டு, அடுத்தவருக்கு இரண்டு, மற்றவருக்குக் குறுக்கு வெட்டு. குடிக்கொரு குறி வைத்து மாட்டுக்குச் சுட்ட நாட்டில் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கம்பி வாங்க வெளிநாடு போக வேண்டாம். வெல்டிங் சாமான் விற்கும் ஹாட்வெயாரில் ரிக் (TIG) வெல்டிங்குக்கான துருப்பிடிக்காத எஃகு நிரப்புக் கம்பி ஒரு மீற்றர் நீளத்தில் கிடைக்கும். 1.6, 2.4, 3.2 மி.மீ. என்ற மூன்று தடிப்பும் மணிக்குப் பொருந்தும். நாலாக வெட்டினால் 25 சென்ரிமீற்றர். வெட்டிய முனையைத் தேய்த்து உருட்டிவிட வேண்டும், பிசிறு இருந்தால் கழற்றும்போது மணியின் துளையைக் கீறும். சங்கிலிக்குப் போகும் மணிக்கு 1.6, தோல் கயிற்றில் கோர்ப்பதற்கு 2.4 அல்லது 3.2.

கம்பியில் பூசும் களி இல்லையென்றால் மணி கம்பியோடு ஒன்றாகிவிடும். வெள்ளைக்களியும் அலுமினாப் பொடியும் சம அளவு, தண்ணீர் விட்டுத் தயிர்ப் பதத்துக்குக் கரைக்க வேண்டும். வெள்ளைக்களி நம் நாட்டுச் சாமான்தான், பொரலஸ்கமுவவிலும் மீட்டியாகொடவிலும் தோண்டுகிறார்கள். களி மட்டும் போட்டால் காயும்போது சுருங்கி வெடிக்கும், அலுமினா அந்தச் சுருக்கத்தைக் குறைக்கும். பொடியைக் கலக்கும்போது முகக்கவசம் போடுங்கள், அது நுரையீரலுக்குக் கூடாத தூசு. கம்பியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நீர்த்தாளால் (ஈரத்தோடு தேய்க்கும் உரசுதாள்) தேய்த்து, களியில் ஒரே இழுப்பாகத் தோய்த்து, மணல் நிறைத்த பேணியில் நட்டுக் காயவிடுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஒரு மணித்தியாலத்தில் காயும். மாரியில் முதல் நாள் இரவே தோய்த்து வைக்க வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் சுவாலையில் ஆவி கிளம்பிப் பூச்சுச் செதில் செதிலாக உதிரும். பாதி மணியில் அது கம்பியை விட்டு நழுவிச் சுழலத் தொடங்கினால் அந்த மணியைக் கைவிடுங்கள், காப்பாற்ற முடியாது.

எரிவாயு விஷயத்தில் இந்த மாவட்டத்துக்கு ஒரு வசதி உண்டு. நம் குசினிச் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. குளிர்நாட்டில் பியூட்டேன் ஆவியாக மறுக்கும், இங்கே அந்தத் தொல்லை இல்லை. ஆனால் குசினி றெகுலேற்றர் உதவாது. அது ஏறத்தாழ 0.03 பார் மட்டுமே தரும். நோர்ட்டெல் மைனர் போன்ற மேசைப் பேர்ணருக்கு 0.2 முதல் 0.35 பார் வரை வேண்டும். சிலிண்டர் வால்வுக்குச் சரியாகப் பொருந்தும், திருகிக் கூட்டிக் குறைக்கும் உயர் அமுக்க றெகுலேற்றரை வாங்குங்கள். பொருந்தாததை இடையில் எதையாவது வைத்துப் பொருத்தக் கூடாது. 2021 கடைசியில் வீட்டுச் சிலிண்டர்களின் கலவை மாறி நாடு முழுக்க வெடிப்புகள் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். புரொப்பேன் கூடினால் அமுக்கம் கூடும், தளர்ந்த மூட்டு அதைத் தாங்காது. ஒவ்வொரு அமர்வுக்கு முன்னும் எல்லா மூட்டுகளிலும் சவர்க்கார நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். சிலிண்டர் வெளியில், நிழலில், நிமிர்ந்தபடி நிற்க வேண்டும். இந்த வாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சுவரின் அடியிலும் காற்றுப் போக வழி வேண்டும். குழாய் எரிவாயுவுக்கானதாக இருக்க வேண்டும், அசற்றலீன் குழாயைப் பாவித்தால் உட்சுவர் நாளடைவில் கெடும். எரிவாயு, ஒட்சிசன் இரண்டு குழாயிலும் சுவாலை பின்வாங்காமல் தடுக்கும் வால்வு போடுங்கள்.

ஒட்சிசனுக்கு நிமிடத்துக்கு 5 லீற்றர் தரும் செறிவாக்கி இயந்திரம் ஒரு பேர்ணருக்கு ஒன்று போதும். நோயாளி பாவிக்கும் அதே இயந்திரம்தான், ஈரமூட்டும் போத்தலைக் கழற்றிவிட்டுப் பாவிக்க வேண்டும். உள்ளே வாயுவைப் பிரிக்கும் சியோலைற்று என்ற கனிமத்துக்கு ஈரம் பகை. ஆகவே பேர்ணர்ப் புகை போகும் பக்கத்தில் வைக்காமல், வடிகட்டியைக் கிழமைக்கு ஒரு தடவை கழுவி முழுதும் உலர்த்திப் போடுங்கள். ஒட்சிசன் மூட்டில் எண்ணெய், கிறீஸ், தேங்காயெண்ணெய் தடவிய கை எதுவும் படக் கூடாது. வசதி குறைந்தவர்கள் ஒட்சிசன் இல்லாமல் காற்றோடு எரியும் ஹொட் ஹெட் வகைப் பேர்ணரில் தொடங்கலாம். மெதுவாக உருகும், கொஞ்சம் இரையும், மணி நன்றாகவே வரும்.

பற்றவைக்கும்போது முதலில் எரிவாயு, பிறகு ஒட்சிசன். அணைக்கும்போது முதலில் ஒட்சிசன், கடைசியில் எரிவாயு. சுவரில் எழுதி வையுங்கள். கரண்ட் போனால் இயந்திரம் நின்று சுவாலை மஞ்சளாகப் பொங்கும், உடனே எரிவாயுவைக் குறைத்து மூட வேண்டும்.

இடம் பற்றிய தலையிடி வேறு வகை. வெயிலில் மின்விசிறி இல்லாமல் இருக்க முடியாது, விசிறி சுழன்றால் சுவாலை நிற்காது. விடிய ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை ஓர் அமர்வு, பின்னேரம் நாலரைக்குப் பிறகு இன்னொன்று என்று வைப்பதுதான் சரி. மேசைக்கு மேல் புகையை வெளியே இழுக்கும் விசிறி கட்டாயம். புதிய காற்று உட்காருபவரின் முதுகுப் பக்கத்திலிருந்து வர வேண்டும். முன்னாலிருந்து வந்தால் காபனோரொட்சைட்டு மூக்கைக் கடந்துதான் வெளியே போகும். தலையிடி, குமட்டல் வந்தால் வெயிலென்று எண்ணி உட்கார்ந்திருக்காமல் எல்லாப் பேர்ணரையும் மூடிவிட்டு வெளியேறுங்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருவது நம் வழக்கம். இந்த அறைக்கு அந்த மரியாதை வேண்டாம். சூடான கோலின் முனை தெறித்து விழுவது காலில்தான். மூடிய சப்பாத்து நாலு சோடி வாசலில் வைத்திருங்கள். பொலியெஸ்டர் சேலைத் தலைப்பும் அபாயாவின் கையும் உருகித் தோலில் ஒட்டும். மருதமுனைக் கைத்தறிப் பருத்தியில் கை நீண்ட மேலங்கி தைத்து ஆளுக்கொன்று கொடுத்தால் யாருக்கும் சங்கடமில்லை. முக்காட்டின் தொங்கலை அதற்குள் செருகிக்கொள்ளலாம். சுட்டால் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீர், பற்பசையும் நெய்யும் வேண்டாம். கண்ணுக்கு டிடைமியம் மூக்குக்கண்ணாடி. சூடான கண்ணாடியிலிருந்து எழும் சோடியத்தின் மஞ்சள் ஒளியை அது மறைப்பதால்தான் மணியின் உருவம் தெரியும். வெல்டிங் கண்ணாடி எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும்.

புதியவருக்கு முதல் அமர்வில் மணி செய்யக் கொடுக்காதீர்கள். கோலைச் சுவாலையின் வெளிநுனியில் காட்டிக் காட்டி எடுத்துச் சூடேற்றவும், முனையை உருண்டையாக்கவும், அதைச் சாமணத்தால் இழுத்து நூலிழையாக்கவும் மட்டும் பழக்குங்கள். குளிர்ந்த கோலை நேரே சுவாலைக்குள் நீட்டினால் முனை படீரென்று தெறிக்கும். இரண்டாவது அமர்வில் கம்பி. இடக்கையில் கம்பியைப் பிடித்துக் களிப்பூச்சு செம்மஞ்சளாக ஒளிரும்வரை சூடேற்றி, உருகிய உருண்டையைத் தொட்டு, கம்பியைத் தன்னிலிருந்து விலகும் திசையில் உருட்டிச் சுற்ற வேண்டும். கம்பி சூடாகாமல் இருந்தால் கண்ணாடி ஒட்டாது. சுற்றி முடிந்ததும் சுவாலையாலேயே கோலை அறுத்துவிட்டு, மணியை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் கீழ்ப்பக்கம் தொங்கும். 12 மி.மீ. உருண்டை மணி ஏறத்தாழ இரண்டேகால் கிராம். 6 மி.மீ. தடிப்பு, 33 சென்ரிமீற்றர் நீளமுள்ள கோல் 23 கிராம் வரும், அதில் பத்து மணி. வீணாவதைச் சேர்த்தால் கிலோவுக்கு 300 மணி என்று வையுங்கள்.

பெரும்பாலான பிழைகள் துளையின் விளிம்பில்தான் தெரியும். நல்ல மணியில் இரு முனையும் உள்வாங்கிக் குழிந்திருக்கும். கூராக நீட்டிக்கொண்டிருந்தால், கம்பியில் பிடித்த அகலத்துக்குக் கண்ணாடி போதவில்லை என்று அர்த்தம். அந்தக் கூர் கோர்க்கும் நூலை அறுக்கும், ஆகவே விற்கக் கூடாது. வெள்ளையில் சாம்பல் புகைக்கோடு, பச்சைநீலத்தில் செங்கல் நிறப் படலம் வந்தால் ஒட்சிசன் குறைவு. சுவாலையின் உட்கூம்புகள் கூராகவும் குட்டையாகவும் இருக்கும்படி திருத்துங்கள். தந்த நிறமும் பச்சைநீலமும் தொடும் இடத்தில் கறுப்புக் கோடு வருவது பிழையல்ல. ஒன்றிலுள்ள கந்தகமும் மற்றதிலுள்ள செம்பும் சேர்வதால் வருவது அது, சிலர் வேண்டுமென்றே செய்வார்கள்.

நிறக் கட்டுப்பாட்டில் மட்டும் சங்கம் கறாராக இருக்க வேண்டும். 104 கோலோடு வேறு எண் கண்ணாடியைக் கலந்தால், எவ்வளவு நன்றாக ஆறவைத்தாலும் நிறங்கள் சந்திக்கும் கோட்டில் வெடிக்கும். எல்லோருக்கும் வரும் ஆசை, உடைந்த கண்ணாடிக் காப்புத் துண்டை மணியில் பதிப்பது. அதன் எண் யாருக்கும் தெரியாது. சோதிக்க வழி உண்டு: இரண்டு கண்ணாடியையும் அருகருகே உருக்கி ஒட்டி, மெல்லிய இழையாக இழுங்கள். ஆறியதும் இழை நேராக நின்றால் சேரும். வளைந்தால் சேராது, கூடச் சுருங்கும் பக்கமாக வளையும். போத்தல் கண்ணாடியைப் பாவிக்கலாம், ஆனால் ஒரு மணிக்கு ஒரே போத்தல். அதை 550 பாகைக்குக் கிட்ட நிறுத்தி ஆறவைக்க வேண்டும். 104 மணிகளோடு ஒரே தடவையில் வைத்தால் அவை இளகிக் கெடும். ஆகவே மாதத்தில் ஒரு கிழமையைப் போத்தல் கிழமை என்று ஒதுக்குங்கள். நீண்ட நேரம் சுவாலையில் வைத்தால் போத்தல் கண்ணாடியின் மேல் வெள்ளைப் பொருக்குப் படியும், வேகமாக வேலை முடிக்க வேண்டும்.

ஒரு இடைச்செருகல். பழங்காலத்தில் மன்னாருக்குக் கிட்ட மாந்தையிலும் புதுச்சேரிக்குக் கிட்ட அரிக்கமேட்டிலும் செய்த சிறு மணிகள் இப்படிக் கம்பியில் சுற்றியவை அல்ல. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மீண்டும் சூடாக்கி முனை மழுக்கியவை. ஆந்திராவின் பாப்பநாயுடுபேட்டையில் அந்த முறை நம் காலம்வரை வந்திருக்கிறது. ஆகவே நம் மணிகளைப் பாசிக்குடாவிலோ அறுகம்பையிலோ சுற்றுலாக்காரருக்கு விற்கும்போது மாந்தை மணி என்று சொல்லாதீர்கள். பாசிக்குடாவின் பாசியும் மணிப்பாசி அல்ல, கடற்பாசிதான்.

பணக் கணக்குக்குச் சண்டை வராத வழி தராசு. அமர்வுக்கு முன்னும் பின்னும் சிலிண்டரை நிறுத்துக் குறியுங்கள். 5 லீற்றர் இயந்திரத்தோடு ஓடும் பேர்ணர் மணித்தியாலத்துக்கு 150 கிராமளவு எரிக்கும், 12.5 கிலோ சிலிண்டர் 80 மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும். இந்த எண்ணை நம்பாமல் உங்கள் தராசை நம்புங்கள். சூளைக்குத் தனிச் சிறு மீற்றர் போட்டால் யூனிட் தெரியும், கம்பி எண்ணிக்கையால் பிரிக்கலாம். கோல் நிறைக்கு விற்பனை. மாதச் சந்தா சூளையின் சுருள் கம்பி மாற்றுவதற்கும் வடிகட்டிக்கும் மட்டும்.

கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இருப்பவர்கள் ஒவ்வொரு அமர்வுக்கும் வர முடியாது. அவர்கள் வீட்டில் ஹொட் ஹெட்டில் செய்து, சூடான மணியை இரண்டு மடிப்புத் தீப்பஞ்சுக்குள் (சூடு தாங்கும் பீங்கானிழைப் போர்வை) செருகி ஆறவிட்டு, பஞ்சுப் பெட்டியில் கொண்டு வரலாம். இது ஆறவைத்தல் ஆகாது, பஸ் குலுக்கலைத் தாங்கும்வரை ஒரு தவணைதான். 12 மி.மீ.க்கு உட்பட்ட மணி பெரும்பாலும் பிழைக்கும், பெரியதில் சில வழியிலேயே போகும். குளிர்ந்த மணிகளை வைக்கும் நாளில் சூளை மணித்தியாலத்துக்கு 250 பாகைக்கு மேல் ஏறக் கூடாது.

மணியைக் கம்பியோடு ஒரு வாளித் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, கம்பியைக் குறட்டால் பிடித்து மணியைத் திருகிக் கழற்றுங்கள், இழுக்க வேண்டாம். துளைக்குள் ஒட்டிய களியைத் தண்ணீருக்குள் வைத்தே வைர முனை அரத்தால் சுரண்ட வேண்டும், உலர்ந்த தூசு பறக்கக் கூடாது. சூளையின் திறப்பு ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். கதவில் வெறுங்கையை வைத்துப் பத்து எண்ண முடிந்தால்தான் அவர் திறக்கலாம்.